இவர் எடைக்கு ஓர் அம்மிக்குழவி

கார்த்திகை 3, புதன்

காலை: இட்லி மூன்று, உப்புப் போடாத சட்னி. மதியம்: சோறு, கீரை, அதிலும் உப்பில்லை. என்னைத் திட்டியது இரண்டு வேளையும்.

இவர் என்ன சாப்பிடுகிறார், எப்படித் தூங்குகிறார் என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள் நர்ஸ் ஜெசிந்தா. உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்று பரணில் சும்மா கிடந்தது, எடுத்துத் தூசி தட்டிவிட்டேன். ஆனால் இட்லியை மட்டும் எழுதிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. வாய் மாதிரிதான் எனக்குக் கையும், ஆரம்பித்தால் நிற்காது.

ஐப்பசி மழையில் இவருக்கு மாரடைப்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பால்சாமியின் ஜீப்பில் போட்டுக்கொண்டு மலையிறங்கி, டவுன் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஒருவழியாக மஞ்சம்பாறைக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். இதயம் பாதிதான் வேலை செய்கிறதாம். வாராவாரம் இறங்கி ஏறினால் அந்தப் பாதையே ஆளைக் கொன்றுவிடும் என்று ஆஸ்பத்திரியிலிருந்தே வீட்டுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஏறி நின்று எடை பார்க்கும் மிஷின், கையில் சுற்றும் பிரஷர் பட்டை, விரலில் மாட்டும் கிளிப், ஒரு டேப். காலையில் மூன்றையும் பார்த்தால் அளவெல்லாம் தானாகவே கீழே போய்விடும். செவ்வாய்க்கிழமை தோறும் ஜெசிந்தா டேபில் முகம் காட்டிப் பேசுவாள்.

நேற்று முதல் தடவையாக வந்தாள். எங்கள் வீட்டில் ஜன்னலோரம்தான் சிக்னல் கிடைக்கும். வெளியே ஒரே மூடுபனி, ஆரஞ்சு மரம்கூடத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்கு நடுவில் திடீரென்று ஒரு பெண்ணின் முகம், சிரித்துக்கொண்டு.

“அப்பா, வணக்கம். நல்லாத் தூங்குனீங்களா?”

இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

“உக்காருங்கப்பா. நின்னீங்கன்னா உங்க வயிறு மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

நான் சிரித்தேன். இவர் என்னை முறைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கார்த்திகை 7, ஞாயிறு

காலை: கேப்பைக் கூழ். தூக்கம்: இவர் நன்றாகத் தூங்கினார். குறட்டை.

காப்பி பழுத்துவிட்டது. இவர் பறிக்கக் கூடாது, ஆள் கிடைப்பதில்லை, மகள் திருப்பூரில் நிறைமாதமாக இருக்கிறாள். நான்தான் கூடையோடு இறங்குகிறேன். நாலு செடிக்கு ஒருதரம் உட்கார வேண்டியிருக்கிறது. போன வருஷம் இப்படியில்லை. வயசு என்ன, திரும்பியா போகும்?

செடிக்கு அடியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வருவதில்லை. மூடுபனி வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறது. கிளைகள், சிவப்புப் பழங்கள், என் கை, எல்லாமே தூரத்தில் இருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இன்றைக்கு அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பால்சாமி பெண்சாதி வந்து தோளைத் தொட்டு எழுப்பினாள்.

ராத்திரி நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே சாய்ந்துகொள்கிறேன். இவர் மூச்சை யாராவது கவனிக்க வேண்டுமே. அதோடு படுத்தால் எனக்கு நெஞ்சை அடைக்கிறது, பனிக் காலம்.

கார்த்திகை 9, செவ்வாய்

இன்றைக்கு வீட்டில் பெரிய கூத்து.

“அப்பா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“கஞ்சி.”

“கஞ்சிக்குத் தொட்டுக்க?”

இவர் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “ஒரு துண்டு கருவாடு. பால்சாமி வீட்ல குடுத்தாக. குடுத்தத வேணாம்னா சொல்ல முடியும்?”

“ஒரு துண்டுக்கு ஒன்றரைக் கிலோ ஏறாதுப்பா.”

பிறகு என்னையும் கூப்பிட்டு விளக்கினாள். இதயம் சரியாக இறைக்காவிட்டால் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடுமாம். சாப்பிடாமலே எடை ஏறும், கால் வீங்கும், நடந்தால் மூச்சு இளைக்கும், படுத்தால் மூச்சு முட்டும். உப்பு, எரிகிற தீயில் எண்ணெய் வார்த்த மாதிரியாம். இவருக்கு இதில் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்றாள். கவனமாகக் கேட்டு இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இவருடைய காலைத் தினமும் பார்க்க வேண்டும்.

அவள் போனதும் இவர் ஆரம்பித்தார். “வீட்டுக்குள்ள போலீசக் கொண்டாந்து வச்சிருக்க. இனிமே அந்த மிஷின்ல நான் ஏறுனா என் பேரு வீரணன் இல்ல.”

கார்த்திகை 10, புதன்

இவர் ஏறவில்லை. விரலும் கொடுக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், மகளிடம் சொல்லிவிடுவேன் என்றுகூடச் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார்.

டேப் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அளவு ஒழுங்காக வராத வீட்டிலிருந்து பெட்டியை எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். பெட்டி போனால் வாராவாரம் ஜீப், அந்தப் பாதை, அந்த வளைவுகள். ஜெசிந்தாவும் வரமாட்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

என் விரலை மாட்டினேன். என் கையில் பட்டையைச் சுற்றினேன்.

இதில் என்ன தப்பு? ஒரே உலையில் வெந்த சோற்றை நாற்பது வருஷமாக இரண்டு பேரும் தின்கிறோம். இவருக்கும் எனக்கும் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது? இவர்தான் நன்றாக இருக்கிறாரே, கண்ணால் பார்க்கிறேனே. எடையில்தான் இடித்தது, நான் இவரைவிட மூன்று கிலோ குறைவு. பருப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், போதவில்லை. அம்மிக்குழவியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். அச்சாக இவர் எடை.

டேப் அடிப்பதை நிறுத்திக்கொண்டது. குழவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மட்டும் நின்று சிரித்தேன்.

கார்த்திகை 16, செவ்வாய்

காலை: இட்லி. இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஜெசிந்தாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். “அப்பா முகம் தெளிவா இருக்கு” என்றாள். தெளிவுக்கென்ன, திட்டுவதற்கு நான் ஒருத்தி இருக்கிறேனே.

கார்த்திகை 17, புதன்

தீபம். இந்த வருஷம் மெழுகும்போதே கை ஓய்ந்துவிட்டது. அகல்களை வாசலில் வைத்துக் குனிந்து நிமிர்வதற்குள் கண் இருட்டியது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மெட்டி விரலைக் கடிக்கிறது. பனியில் வெள்ளி இறுகுமோ என்னவோ.

விளக்குகள் பனிக்குள் ஒவ்வொன்றும் பெரிதாகி, ஒன்றோடொன்று சேர்ந்து மங்கலாக மிதந்தன. சாயங்காலம் உட்கார்ந்தபடியே கனவு கண்டேன். வீட்டுக்குள் தண்ணீர். குளிரவில்லை. இடுப்பளவு இருந்தது, பிறகு கழுத்தளவு. ஜன்னலில் ஜெசிந்தா தெரிகிறாள், ஏதோ கேட்கிறாள், சத்தம் வரவில்லை. எனக்குப் பயமே இல்லை. அடுப்பில் பால் பொங்கிவிடுமே என்று மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

விழித்தபோது இவர் எனக்குப் போர்த்திவிட்டிருந்தார். கேட்டால் இல்லை என்பார்.

கார்த்திகை 20, சனி

இன்றைக்குக் குழவி தேவைப்படவில்லை. நானே இவர் எடைக்கு வந்துவிட்டேன். ஒரு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை, ஆனாலும் உடம்பு போடுகிறது. கொடுத்துவைத்தவள் என்று பால்சாமி பெண்சாதி கேலி செய்கிறாள்.

கார்த்திகை 22, திங்கள்

இவர் எடையையும் தாண்டிவிட்டேன். எதைக் கீழே வைத்துவிட்டு ஏறுவது?

கார்த்திகை 23, செவ்வாய்

ஜெசிந்தா வந்தபோது இவர் தோட்டத்தில் இருந்தார். அதைச் சொன்னால் வம்பு. தூங்குகிறார் என்றேன்.

“அம்மா, கொஞ்சம் கவனமாக் கேளுங்க. அப்பாவுக்கு நாடித்துடிப்பு ஒழுங்கா இல்ல. ஆக்சிஜன் குறையுது. எடையும் ரெண்டு நாளா ஏறிக்கிட்டே போகுது. படுத்தா மூச்சு முட்டுதா?”

“முட்டுது” என்றேன்.

“கால் வீக்கம்?”

“இருக்கு.”

“நடந்தா இளைக்குதா?”

“நாலு செடி தாண்ட முடியல தாயி.”

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. இன்னும் நாலு கேள்வி கேட்கமாட்டாளா என்று இருந்தது.

டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்ப வந்தாள். உடம்பில் தங்கியதை இறக்குகிற தண்ணீர் மாத்திரையைக் கூட்ட வேண்டுமாம், காலையில் இரண்டு, மதியம் ஒன்று. வியாழக்கிழமைக்குள் எடை இறங்காவிட்டால் கீழே வரவேண்டும் என்றாள்.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் இவர் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. டாக்டர் சொன்னதும் இவர் பெயரைச் சொல்லித்தான். இவருக்கும் உள்ளுக்குள் ஏறியிருக்கலாம், காட்டிக்கொள்கிற ஆளா இவர்? இரண்டையும் கொடுத்தேன்.

கார்த்திகை 25, வியாழன்

நேற்று வரைக்கும் என் எடை இறங்கவில்லை. இன்றைக்குப் பட்டையை மட்டும் சுற்றினேன், மிஷினில் ஏறவில்லை, ஏறினால் கீழே வரச் சொல்லிவிடுவாள். இவர் அடிக்கடி வெளியே போய்வருகிறார், வாய் காய்கிறது என்கிறார். பேச்சும் குறைந்துவிட்டது. திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கார்த்திகை 26, வெள்ளி

களத்தில் காப்பியைப் புரட்டிக்கொண்டிருந்த இவர் கீழே விழுந்துவிட்டார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். பனிக்குள் இவர் உருவம் நின்றது, கொஞ்சம் ஆடியது, அப்புறம் இல்லை. ஓட வேண்டும் என்று நினைக்கிறேன், கால் வரவில்லை. பத்தடி நடப்பதற்குள் மூச்சு நின்றுவிடும் போல் ஆனது. இவர் அங்கே கிடக்கிறார், நான் வழியில் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் கையால் கொடுத்த மாத்திரை, என் கையால் கொடுத்த மாத்திரை என்று இதுவே மண்டைக்குள் ஓடுகிறது. பால்சாமியைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனாலும் அவர் வந்துவிட்டார்.

தூக்கிவந்து கட்டிலில் போட்டோம். கண் திறந்திருந்தது, முகம் சாம்பல் பூத்திருந்தது. டேபில் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஜெசிந்தா வந்தாள்.

பால்சாமியிடம் இவர் கையில் பட்டையைச் சுற்றச் சொன்னாள். “ரொம்பக் குறைஞ்சிருக்கு. காலுக்கு அடியில தலகாணி வைங்க. கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி குடுங்க.” அப்புறம், “அப்பா காலைக் காட்டுங்க” என்றாள்.

பால்சாமி டேபைத் திருப்பினார். காய்ந்த விறகு மாதிரி இரண்டு கால்கள். நரம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது.

ஜெசிந்தா குனிந்து எதையோ புரட்டிப் பார்த்தாள். “காலையில வந்த பிரஷரும் இதுவும் ஒரே ஆளோடது மாதிரி இல்லையே” என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, “அம்மா, உங்க காலைக் காட்டுங்க” என்றாள்.

மனுஷ முகத்துக்கு நேராக எப்படிக் காலை நீட்டுவது? அதுவும் மருந்து சொல்கிற பிள்ளையின் முகத்துக்கு. மாட்டேன் என்றேன். அவள் விடவில்லை. “என் அம்மா காலுன்னு நினைச்சுக்கிறேன். காட்டுங்க.”

சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினேன். அழுத்தச் சொன்னாள், அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நானே அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். மெட்டி சதைக்குள் புதைந்துபோயிருந்தது. காலை இழுத்துக்கொண்டு டேபைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

“என் விரல்தான் தாயி” என்றேன். “பத்தாந்தேதியிலேர்ந்து. இவரு ஏற மாட்டேன்னுட்டாரு. பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவாகளோன்னு பயந்துட்டேன்.”

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நான் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இவரைக் கொல்லப் பார்த்தேனே.

அவள் குரல் மாறியிருந்தது. “அப்ப இத்தனை நாளா நான் பார்த்துக்கிட்டு இருந்தது உங்களத்தாம்மா.”

நான் வாய்விட்டு அழுதேன். பால்சாமி ஜீப்பை எடுக்கப் போனார். கட்டிலில் கிடந்த இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் இப்போதே கிளம்ப வேண்டும், இவருக்குத் தண்ணீர் மாத்திரை கூடவே கூடாது என்று சொல்லிவிட்டு, ஜீப் வரும்வரை ஜெசிந்தா திரையைவிட்டுப் போகவே இல்லை.

கார்த்திகை 28, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை நடந்ததையும் இங்கே வந்துதான் எழுதினேன். மூக்கில் குழாய். கையில் ஊசி குத்தியிருப்பதால் எழுத்து கோணல்.

மலையிறங்கியது பாதிதான் நினைவிருக்கிறது. ஜீப் பனிக்குள் போகிறது, பாதை தெரியவில்லை, மேகத்தின்மேல் உருட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. நான் இவர் தோளில் சாய்ந்திருக்கிறேன், இவர் என் தோளில் சாய்ந்திருக்கிறார். யார் யாரைத் தாங்கினோம் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வளைவில் திடீரென்று பனி விலகி, கீழே வயலும் ரோடும் வெயிலுமாகப் பளிச்சென்று கிடந்தது. செத்துப்போய்விட்டேன் போலிருக்கிறது, இதுதான் அந்த ஊர் என்று நினைத்தேன். பால்சாமி ஹாரன் அடித்ததும்தான் உயிரோடு இருப்பது தெரிந்தது.

வாசலில் ஒரு டாக்டர் ஓடிவந்து, “பேஷண்ட் யாரு?” என்றார்.

நான் இவரைக் கைகாட்டினேன். இவர் என்னைக் கைகாட்டினார்.

இருந்தது ஒரே ஸ்ட்ரெச்சர். டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அவளப் படுக்க வைங்க சார்” என்றார் இவர். நான் இவரைக் காட்டிய கையை இறக்கவே இல்லை. எனக்கெதுக்கு, எனக்கு ஒன்றுமில்லை, இவருக்குத்தான் ஹார்ட், இவருக்குத்தான் என்று சொல்ல வந்தேன். வாய் திறந்ததே தவிர மூச்சு வரவில்லை. யாரோ ஒரு பெண் வந்து நீட்டியிருந்த என் கையைப் பிடித்து மெதுவாக மடக்கிவிட்டாள். குள்ளமாக, வாயை மூடிய மாஸ்க்கோடு இருந்தாள். பேசிய பிறகுதான் ஜெசிந்தா என்று தெரிந்தது.

இவருக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏறியதும் தேறிவிட்டார். எனக்குத்தான் நேற்று முழுவதும் தண்ணீரை இறக்கினார்கள். என் இதயமும் ரொம்பப் பெரிதாகித் தளர்ந்திருக்கிறதாம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். இனி மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் வண்டி ஓடுமாம். மஞ்சம்பாறைக்கு இன்னொரு பெட்டி அனுப்பப்போகிறார்களாம், என் பெயரில்.

இது இன்றைக்கு வந்த நோயில்லை, பல மாதமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது இவரும் பக்கத்தில் இருந்தார். டாக்டர் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எப்ப இருந்து இப்படி இருக்கு?” என்றார்.

“ஆடியில காப்பிக்கு உரம் வச்சமே, அப்ப இருந்து.”

விரல் மடக்கிப் பார்த்தார். “ஆடி, ஆவணி… எனக்கு வர்றதுக்கு முன்னாடியேவா?”

“ஆமா.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

இந்த மனுஷனிடம் என்னவெல்லாமோ பேசியிருக்கிறேன். நாற்பது வருஷம் ஓயாத வாய். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இரண்டே வார்த்தையாக வந்தது.

“நீங்க கேக்கல.”

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். இவர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. வேறு நாளாக இருந்தால் எழுந்துபோய் முதுகைத் தடவியிருப்பேன். அழட்டும் என்று விட்டுவிட்டேன். எழுந்திருக்க உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இப்பக் கேக்குறேன்” என்றார். “உனக்கு என்ன செய்யுது? எல்லாத்தையும் சொல்லு.”

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை. ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள் என்றேன். எடுத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன்.